பாவாடைக்கு ஒரு பாட்டு பாக்கி

விருத்தாசலத்தில் ஒருவர் பீங்கானில் மாண்டலின் செய்திருக்கிறார். அதை ஒரு பயல் வாசிக்கிறேன் என்று வாங்கிப் போட்டு உடைத்துவிட்டான். உடைத்தவன் மேல் அவர் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது கட்டிவிட்டார். இந்தச் சேதி என் காதுக்கு வந்தது சேத்தியாத்தோப்பில், பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது. சொன்னவர் ஒரு நெல் தரகர். மாண்டலினை அவர் பார்த்ததில்லை, உடைத்தவனையும் பார்த்ததில்லை. ஆனால் உடைந்த சத்தம் எப்படி இருந்தது என்பதை மட்டும் விவரமாகச் சொன்னார்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி டீ குடிப்பதற்குள் மாண்டலின் வீணையாகிவிட்டது. கடைவீதியில் அது ஒரு அமைச்சருக்குப் பரிசாகப் போகவிருந்த வீணை. இன்னும் நாலு கடை தாண்டியிருந்தால் சரஸ்வதியே வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அதற்குள் நிறுத்திக்கொண்டேன்.

பிராது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கோர்ட்டுக்குப் போக வசதியில்லாதவர்களும், போய் அலுத்தவர்களும் எங்கள் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போவார்கள். ஆடு காணாமல் போனது, அண்ணன்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டது, கைமாற்று வாங்கியவன் கண்ணில் படாமல் திரிவது, எதுவானாலும் சரி. வெள்ளைத்தாளில் பேர், ஊர், குறை எல்லாம் எழுதி வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்பது நம்பிக்கை. வாய்தா கிடையாது. காரியம் முடிந்ததும் கட்டியவரே வந்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெறாமல் விட்டால் அப்புறம் நாம்தான் சாமிக்குப் பாக்கி.

ஆக, பத்தி எழுதுகிற எனக்கு இந்த வதந்தியில் சரிபார்க்க வேண்டியவை மூன்று: பீங்கான், உடைப்பு, பிராது. நான் பீங்கானிலிருந்து தொடங்கினேன். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஃப்யூஸ் கட்டை மேல்தான் விழவேண்டும். எழுந்து நின்றால் எதிரே காயவைத்த பொம்மைகள் வரிசையாகச் சிரிக்கும். தொழிற்பேட்டையில் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் காத்தவராயனிடம் கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. கேஸ் விற்கிற விலையில் அகல் விளக்கைச் சுடுவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறதாம், மாண்டலினைச் சுடுவதற்கு எவனுக்குச் சூளை இருக்கிறது என்று கேட்டார். பிறகு தானாகவே இறங்கி வந்தார்.

“நீங்க தேடறது பாவாடை அண்ணனத்தான். மாடல் செய்யறவரு. ஆனா அது பீங்கான் இல்லிங்க, மரம். போய்ப் பாருங்க. போறப்ப பால் பாக்கெட்டு ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போங்க. அவரு வூட்டுல டீ கெடைக்கும், பாலு கெடைக்காது.”

பாவாடை என்ற பேருக்குச் சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடலாம். அது பாவாடைராயன் சாமியின் பேர்; எங்கள் மாவட்டத்தில் மீசை வைத்த பாவாடைகள் நிறைய.

நான் போனபோது அவர் ஃபோனில் இருந்தார். கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அறுபத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, கைவிரல் இடுக்குகளில் வெள்ளைப்பொடி. வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் பிளாஸ்டர் இன்னும் அவரை விடவில்லை. ஃபோனில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது, துவரம்பருப்புக்குக் குக்கரில் எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று. பதிலை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு, உப்பு இப்பவா அப்புறமா என்று அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார்.

மறுமுனையில் அவர் மனைவி கமலம். மகள் பூர்ணிமாவுக்குப் பிரசவம் என்று ஓசூருக்குப் போனவர். பேரன் நடக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார். பேரன் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான். நடக்கிறான், ஓடுகிறான், சைக்கிள் விடுகிறான். சண்டை ஒன்றுமில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். பாவாடையையும் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு, லிப்டில் ஏறி இறங்குவது தவிர அங்கே தனக்கு வேலை இல்லை என்று திரும்பிவிட்டார்.

இடையில் குக்கர் மூன்று விசில் அடித்தது. ஃபோன் போடுவதற்கு முன்பே அவர் பருப்பை ஏற்றியிருந்தார் என்பதை நான் கவனித்தேன். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

முப்பத்து நாலு வருஷம் அவர் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் மாண்டலின் கதை புரியாது. பீங்கான் சாமான் எதுவானாலும் முதலில் ஒருவர் அதன் உருவத்தைக் கையால் செதுக்க வேண்டும். அதுதான் மாடல். மாடலிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள், அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் வார்ப்பார்கள். தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் மின்பெட்டியில் பாவாடை செதுக்கிய வளைவு ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கரண்டு போனால் மட்டும் அதைத் தொடுவார்கள், அதுவும் திட்டிக்கொண்டே.

மாடல் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. களிமண் சூளையில் சுருங்கும். நூற்றுக்குப் பதினொரு பங்கு சுருங்குகிற மண் என்றால், மாடலை அந்த அளவு பெரிதாகச் செய்தால்தான் சுட்டபின் சாமான் சரியான அளவுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் அவர்களிடம் தனி ஸ்கேல் இருக்கும். பார்க்கச் சாதாரண ஸ்கேல் மாதிரி இருக்கும். கோடுகள் மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கும். அதில் பத்து என்றால் உண்மையில் பதினொன்றே கால். சுருக்க ஸ்கேல் என்பார்கள். பாவாடை அதை வைத்தே வாழ்ந்தவர். எதையும் கொஞ்சம் பெரிதாகப் பார்த்தே அவர் கண் பழகியிருந்தது.

பாவாடை வேலை பார்த்த ஃப்யூஸ் கட்டைப் பட்டறையில் பேக்கிங் பிரிவில் திலீபன் என்று ஒருவன் இருந்தான். மங்கலம்பேட்டைக்காரன், இவரைவிட இருபது வயது இளையவன். பகலில் ஃப்யூஸ் கட்டைகளை வைக்கோலில் சுற்றுவான், முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் மாண்டலின் வாசிப்பான். மாண்டலின் குழு முதலாளியுடையது. வைத்திருக்க மட்டும் இவனுக்கு அனுமதி. மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிப்பதற்குள் இருக்கும் இருபது நிமிஷம், வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து வாசிப்பான். பாவாடை எதிரே உட்கார்ந்து வெற்றிலை போடுவார். பதினொரு வருஷம் இப்படி நடந்திருக்கிறது. அந்தப் பதினொரு வருஷத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு தபால் கார்டில் இடம் மிச்சமிருக்கும்.

பிறகு குழுவில் ஒரே ஒரு கீபோர்டு வந்து நாலு பேர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. முதலாளி மாண்டலினைத் திருப்பிக் கேட்டார், விற்பதற்கு. மறுநாள் கொடுக்க வேண்டும் என்ற நிலையில் பாவாடை, ஒரு மணி நேரம் அதை என்னிடம் கொடு என்று வாங்கி, டேப்பை வைத்து அளந்து, இண்டு இடுக்கு விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். திலீபன் எதற்கு என்று கேட்டிருக்கிறான். சும்மாதான் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தச் சும்மா ஏழு மாதம் பிடித்தது.

அது பலகையை வளைத்து ஒட்டிய சாதாரண மாண்டலின் இல்லை. வயிறு லேசாகப் புடைத்து, ஆமை முதுகு மாதிரி வளைந்திருப்பது. வளைவு முழுக்கச் செதுக்கி வருவது. தடித்த பலகையில் முதலில் வெளிப்பக்கத்தைக் குன்று மாதிரி செதுக்க வேண்டும், பிறகு கவிழ்த்து உள்ளே குடைய வேண்டும். நடுவில் ஐந்து மில்லி கனம், ஓரத்துக்கு வரவர மூன்று. கனம் கூடினால் பலகை ஊமை. குறைந்தால் கம்பி இழுக்கிற இழுப்பில் உள்ளே அமுங்கிவிடும். பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்த பெட்டியில், ரேகை நேர்நேராக ஓடிய வெளுத்த ஊசியிலை மரப் பலகை ஒன்று கிடந்திருக்கிறது. அதைக் கனத்துவாக்கில் இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து, நடுவில் வஜ்ஜிரம் போட்டு ஒட்டி மேல்பலகை செய்தார். பின்பக்கத்துக்குப் பண்ருட்டிப் பலா. வயலினுக்கு இருப்பதுபோல மேலே இரண்டு வளைந்த துளைகள்.

மரவேலை அவருக்குத் தெரியாது. ஆனால் பீங்கான் வேலை தெரியும். மெல்லிய கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்து வெளிச்சம் எங்கே எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்களே, அப்படிக் குடைந்த பலகையை பல்புக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறார். சிவந்து தெரிந்த இடத்தில் உளியை நிறுத்தினார், இருண்ட இடத்தில் தொடர்ந்தார். சுட்ட சாமானில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தட்டிக் கேட்பார்களே, அப்படி ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு தட்டு. பலகை பேச ஆரம்பித்த அன்று கமலத்துக்கு ஃபோன் போட்டுத் தட்டிக் காட்டினாராம். யாரோ கதவத் தட்டறாங்க பாருங்க, போய்ப் பாருங்க என்று அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறி உட்கார ஒரு சின்னக் கட்டை வேண்டும். அதைமட்டும் பீங்கானில் வார்த்துச் சூளையில் சுட்டு வைத்தார். எடை ஐந்து கிராம் இருக்கலாம். சேத்தியாத்தோப்பு வரை பரவிய வதந்தி இந்த ஐந்து கிராமில் முளைத்ததுதான்.

எல்லாம் முடிந்ததும் திலீபனைக் கூப்பிட்டார். அவனுக்கு அப்போது மஸ்கட்டுக்கு விசா வந்துவிட்டிருந்தது, அடுத்த வாரம் பயணம். வந்து பார்த்தவன் எட்டுக் கம்பிகளையும் மாட்டினான். சுருதி ஏற்றினான். மெல்லிசான கம்பி பட்டென்று அறுந்தது. இன்னொன்று போட்டான், அதுவும் அறுந்தது. மூன்றாவது அறுந்து புறங்கையில் கோடு போட்டது. கையிருப்பில் இருந்த கம்பி தீர்ந்துவிட்டது. அப்போது அவன் சொன்ன வார்த்தைதான் இந்தக் கதையில் முதலாகி, வட்டியும் போட்டது.

“கவலப்படாதீங்கண்ணே, என்னான்னு பாத்து சரி பண்ணி வையிங்க. மொத லீவுல வந்து ஒங்க வூட்டுல ஒக்காந்து ஒரு பாட்டு வாசிக்கிறேன். கடன்னு வச்சிக்குங்க.”

அவன் விமானம் ஏறிய அன்று பாவாடை நோட்டையும் மாண்டலினையும் பக்கத்தில் வைத்து மறுபடி அளந்தார். நோட்டில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று இருந்த கம்பி நீளம் டேப்பில் முப்பத்தொன்பதுக்குமேல் காட்டியது. எல்லாமே அப்படி. கழுத்து, வயிறு, துளை, தலை எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிசு. எழுதியது சாதாரண டேப்பில், மரத்தில் குறித்தது மேசைமேல் கிடந்த சுருக்க ஸ்கேலில். மரத்தையும் சூளையில் போடப்போகிறவர் மாதிரி ஏழு மாதம் செதுக்கியிருக்கிறார். அந்த மாண்டலினில் ஒழுங்காகச் சுருங்கி வந்தது அந்தப் பீங்கான் கட்டை ஒன்றுதான். அதனால் அது மட்டும் கொஞ்சம் சின்னதாகப் போய், அடியில் அட்டை கொடுத்து வைத்திருந்தது.

வேறு யாராவது என்றால் அடுப்பில் வைத்திருப்பார்கள். இவர் யோசித்தார். தப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அது அத்தனை தப்பில்லை என்பது பீங்கான்காரர்கள் கண்ட உண்மை. நம் அரசியலிலும் இது செல்லும் என்பதால் இதற்குமேல் விளக்கவில்லை. நீளம் அதிகம் என்பதால் மற்ற மாண்டலின்களின் சுருதிக்கு இழுத்தால் கம்பி தாங்காது. சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்தால் தாங்கும். இறக்கி வைத்தார். கம்பி அறவில்லை. ஸ்வர ஸ்தானங்கள்கூட மாறவில்லை. உலகத்து மாண்டலின்களோடு மட்டும் சேராது. தனியாக வாசித்தால் குறை ஒன்றுமில்லை.

வாசிப்பதற்குத்தான் ஆள் இல்லை. பாவாடைக்குத் தட்டத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

முதல் லீவில் திலீபன் வந்தான், மங்கலம்பேட்டையோடு திரும்பிப் போனான். இரண்டாவது லீவிலும் அப்படியே. விருத்தாசலம் ஜங்ஷனில்தான் ரயில் ஏறினான் என்று காத்தவராயன் வந்து சொன்ன மறுநாள், பாவாடை ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்தார். எதிராளி பேர், ஊர், மஸ்கட் விலாசம் எல்லாம் எழுதினார். குறை: ஒரு பாட்டு பாக்கி. படம் வரையாமல் அவருக்கு எதையும் எழுதவராது என்பதால் கீழே மாண்டலினை அளவுகளோடு வரைந்து, பழைய அளவு, புதிய அளவு, கம்பி அறுந்த இடம் என்று அம்புக்குறியும் போட்டார். கோவிலில் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு அம்புக்குறியும் ‘அறுந்தது’ என்ற சொல்லும் போதாதா. உடைத்துவிட்டார்கள்.

ஆக மூன்றில் பிராது ஒன்றுதான் உண்மை. இதோடு என் வேலை முடிந்தது. ஆனால் மூன்று மாதக் கெடுவில் பன்னிரண்டு நாள்தான் மிச்சம் என்று பாவாடை சொன்னார். சொல்லிவிட்டு, கமலத்தின் பழைய புடவையில் சுற்றி பீரோவில் வைத்திருந்த மாண்டலினை வெளியே எடுத்தார். கொஞ்சம் பெரிய, கொஞ்சம் வெட்கப்படுகிற பொருள். வகுப்பில் எல்லாரையும்விட உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளை போல இருந்தது. தினம் காலையில் துணியால் துடைத்து, கம்பி இறங்கியிருந்தால் ஏற்றி, மறுபடி சுற்றி வைத்துவிடுவாராம். கம்பிகளைத் தாங்கி நடுவில் நிற்கிற குதிரை ஒட்டப்பட்டதல்ல, கம்பி அழுத்துகிற அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதனால் கம்பியைத் தளர விடக்கூடாது என்று சொன்னார். தளர்ந்தால் விழுந்துவிடும்.

“வருவான்னு நெனைக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

“சாமிக்கு விசா என்னா கணக்குன்னு தெரியலிங்க” என்றார்.

நான் மங்கலம்பேட்டைக்குப் போனேன். திலீபனின் அக்கா இளமதி அங்கே தையல்கடை வைத்திருக்கிறார். பிராது என்றதும் அவர் முகம் மாறியது. நம்பர் கொடுத்தார். நீங்களே பேசிக்குங்க, என்னால சொல்ல முடியாது என்று மிஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார்.

திலீபன் இரண்டாவது மணியில் எடுத்தான். விவரம் சொன்னேன். சாமி பேரைக் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னான். போய்ச் சேர்ந்த முதல் வருஷமே, லாரியில் பெட்டி இறக்கும்போது இடது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் நுனி இல்லை, மூன்றாவது மடங்காது. வண்டி ஓட்டலாம், சாப்பிடலாம். மாண்டலின் கம்பியை அமுக்க முடியாது.

“லீவுல வந்தப்ப அவரு தெருமுனை வரைக்கும் போனேங்க. இந்தக் கையோட எப்பிடிப் போயி நிக்கறது. ஏழு மாசம் செஞ்சாரு. நீங்க சொல்லிடாதீங்க. பாட்டு பாக்கி இருக்குதுன்னே அவரு நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்.”

கெடு முடிகிற நாளில் நான் மறுபடி விருத்தாசலம் போனேன். என்ன சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். வேறு ஆளை வைத்து வாசிக்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனையைத் தயார் செய்திருந்தேன். பாவாடை அதை வாசலிலேயே முடித்துவிட்டார். கடன் சொன்னவன் ஒருத்தன், கட்டுகிறவன் இன்னொருத்தனா, பேர் போட்டு எழுதியிருக்கு என்றார். வங்கிக்காரர்களுக்கு இல்லாத நியாயம் அவரிடம் இருந்தது. டீ போட்டார். நான் கொண்டுபோன பாலை ஊற்றினார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

“அவன் வெரலு இப்ப எப்பிடி இருக்குதுங்க?”

டீ சூடாக இருந்தது என்பதைச் சாக்காக வைத்துக் கொஞ்சநேரம் ஊதிக்கொண்டிருந்தேன்.

“போன தீவாளிக்கே இளமதி சொல்லிட்டுது” என்றார். “பஸ் ஸ்டாண்டுல பாத்தப்ப. அழுதுது பாவம்.”

“தெரிஞ்சேதான் பிராது கட்டுனீங்களா?”

“பின்ன? பாட்டு இல்லன்னு ஆயிட்டா, அவன் எதுக்குங்க இங்க வரணும்?” அவர் புடவையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “கடன் இருக்கறவரைக்குந்தான் எந்த லீவுலயாவது வருவான். எனக்குத் தெரியும்னு அவங்கிட்ட சொல்லிடாதீங்க. அப்பறம் கடன் தீந்துபோச்சின்னு வராமயே இருந்துடுவான்.”

ஒரே ரகசியத்தை இரண்டு பேரும் என்னிடம் கொடுத்து, மற்றவரிடம் சொல்லாதே என்கிறார்கள். பத்தி எழுதுகிறவனிடம் ரகசியம் கொடுப்பவர்களை என்ன செய்வது. அதனால் இதில் பேரையோ ஊரையோ விரலையோ ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறேன். எதை என்று சொல்லமாட்டேன். பாவாடை பத்திரிகை படிப்பதில்லை. பிளாஸ்டர் கலக்கும்போது தரையில் விரிக்க மட்டும் வாங்குகிறார், அதுவும் பழசு.

கிளம்புமுன் மாண்டலினை என்னிடம் நீட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். தெரியும், சும்மா ஒரு தரம் என்றார். தடித்த கம்பி இரண்டையும் சேர்த்துக் கட்டைவிரலால் மீட்டினேன். ஒரு கட்டை இறங்கிய அந்தச் சத்தம் அறையைச் சுற்றி, காலியாக இருந்த பிளாஸ்டர் அச்சுகளில் போய் நுழைந்து, வர மனமில்லாமல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றது. அது முழுக்க அடங்குகிறவரை பாவாடை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்லா இருக்குதுங்க” என்று வாங்கிக்கொண்டார். “ஆனா இது கணக்குல வராது.”

புடவையில் சுற்றி பீரோவில் வைத்தார். பிராதைத் திரும்பப் பெறப் போகவில்லையா என்று கேட்டேன். இன்னும் தீரலியே என்றார். பிறகு குக்கரை அடுப்பில் ஏற்றி, மூடியைத் திருகி, விசில் குண்டைப் போட்டுவிட்டு, ஓசூருக்கு ஃபோன் செய்து எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று கேட்டார்.

மணவாளநல்லூரில் அந்தத் தாள் இன்னும் வேலிலேயே இருக்கிறது, படத்தோடும் அம்புக்குறியோடும். கெடு தாண்டிவிட்டது. ஒரு பாட்டு பாக்கி.